சுவருக்கு அந்தப் பக்கத்துப் புகை

தொண்ணூறுகளில் ஜுரு தொழிற்பேட்டையில் ஒரு சாயத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். வெளிநாட்டில் இருந்த எங்கள் தலைமை அலுவலகத்துக்குத் திடீரென்று உலகத்தின் மேல் அக்கறை வந்தது. பூமி ஓர் அளவுக்கு மேல் சூடாகக் கூடாதாம். அதற்கு ஒவ்வொரு தொழிற்சாலையும் எவ்வளவு கரியமில வாயு விடுகிறது என்று சொல்ல வேண்டுமாம். புகைபோக்கியில் ஏறி யாரும் அளக்கவில்லை. பாய்லர் எரித்த எண்ணெயை ஓர் எண்ணால் பெருக்கினால் வாயுவின் கணக்கு வந்துவிடும். பெருக்குவது என் வேலை.

நல்லது செய்கிறேன் என்று யாராவது கிளம்பினால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். சீனப் பெருநாள் விடுமுறை முடிந்து வேலைக்கு வந்தால், பாய்லரைக் காணோம். பழைய இரும்புக்குப் போட்டாயிற்று என்றார் மேனேஜர். அவரும் தமிழர்தான். பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்த என் அண்ணனுக்கும் வேலை போயிற்று. "உலகம் சூடாவுது லா, என்ன செய்ய?" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அண்ணன் அதை நம்பினார். பாலத்துக்கு அக்கரையில், டத்தோ கிராமாட்டில் இருந்த வீட்டில் மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, உலகத்துக்காகச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

என் கணக்கில் பாய்லர் வாயு இப்போது பூஜ்யம். தலைமை அலுவலகம் பாராட்டியது. ஆனால் சாயத் தொட்டிகள் முன்போலவே கொதித்துக்கொண்டிருந்தன. நீராவி எங்கிருந்து வருகிறது என்று மேனேஜரைக் கேட்டேன்.

"வெளிய வாங்குறோம்."

பக்கத்துத் தொழிற்சாலையின் சுவரைத் தாண்டி ஒரு புதுக் குழாய் வந்திருந்தது. யாருடைய நீராவி என்று கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆயுத பூஜை வந்தது. மேனேஜர் யாரை ஏமாற்றினாலும் பாய்லரை ஏமாற்ற மாட்டார். ஒருமுறை அது வெடிக்கப் பார்த்ததிலிருந்து, வருஷா வருஷம் முதல் கற்பூரம் அதற்குத்தான். பாய்லரே இல்லாதபோது என்ன செய்யப் போகிறார் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வைத்த தட்டோடு வெளியே போனார். பக்கத்துத் தொழிற்சாலைக்குள் நுழைந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

அங்கே எரிந்துகொண்டிருந்தது எங்கள் பாய்லர். சூட்டில் திருநீறு நிற்காது என்று அண்ணன் வெள்ளைப் பெயிண்டில் போட்ட மூன்று பட்டையும் அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் மறைத்த மனிதருக்குச் அந்தப் பட்டையைச் சுரண்ட மட்டும் கை வரவில்லை.

என்னைப் பார்த்ததும் தட்டை நீட்டினார். நான் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை.

"கணக்கு நம்ம சுவரோட முடியுது, தங்கச்சி. தலைமை ஆபீஸ் கேட்டது அவ்வளவுதான்."

"அப்புறம் அண்ணனை ஏன் அனுப்பினீங்க?"

"ஆளும் போனாத்தானே பாய்லர் போச்சுன்னு நம்புவாங்க." கற்பூரம் அணைந்ததும் தட்டைக் கீழே வைத்தார். பிறகு, "அவரை இங்க வரச் சொல்லு. கான்ட்ராக்ட்ல போடச் சொல்றேன்" என்றார்.

அண்ணன் அங்கே வேலைக்குப் போனார், பிள்ளைகள் படிக்க வேண்டுமே. அதே பாய்லர், அதே எண்ணெய், குறைந்த சம்பளம். அந்த மாதமும் நான் பூஜ்யம் என்றே எழுதி அனுப்பினேன்.

மாலையில் பாலத்தைத் தாண்டும் பஸ்ஸில் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க எண்ணெய்ப் புகை நாற்றம்.

"உன் கணக்குல உலகம் இப்ப ஆறிடுச்சா?" என்று கேட்டார்.

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.