பந்தலில் நின்ற காட்டுவாழை

கடல் கொந்தளிப்பால் மூன்று நாள் ரத்தாகிக் கிடந்த கப்பல் ஒருவழியாகக் காலை ஆறரைக்குப் போர்ட் பிளேரை விட்டுக் கிளம்பியது. லிட்டில் அந்தமான் தீவின் துறைமுகமான ஹட் பே போய்ச் சேர எட்டு மணி நேரம். நான் பக்கக் கம்பியைப் பிடித்தபடி வாந்தி எடுத்துக்கொண்டே வந்தேன். போர்ட் பிளேர் பக்கம் கராச்சர்மாவில் நாற்றங்கால் வைத்திருக்கும் என் தோழி செல்வியோ குஷியாக உட்கார்ந்திருந்தாள். லிட்டில் அந்தமானைத் தவிர வேறெங்கும் தானாக முளைக்காத காட்டுவாழை ஒன்று உண்டு. அதில் குலை தள்ளிய மரம் ஒன்றை ஓடைக்கரையில் பார்த்து வைத்திருந்தாள். அவள் தேடிய காட்டில் மிஞ்சியது அந்த ஒரு தூர்தான். பழுத்ததும் விதையெடுத்து வளர்ப்பதாகத் திட்டம்.

மதியம் இரண்டரை. அந்த ஓடை இருக்கும் பதினோராவது கிலோமீட்டருக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். பாதி வழியில் ஒரு கல்யாணப் பந்தல். வாசலின் இருபுறமும் கூரையைத் தாண்டி இரண்டு வாழைமரங்கள். ஒன்றில் ஆள் உயரக் குலை, நுனியில், அந்தக் காட்டுவாழைக்கே உரிய பச்சை நிறப் பூ. செல்வி ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள்.

பெண்ணின் அப்பா முருகேசன், ராமநாதபுரத்திலிருந்து வந்து கான்ட்ராக்ட் எடுப்பவர். எங்களை விருந்தாளிகள் என்று நினைத்து டீ கொடுத்தார். மரத்தைப் பற்றிக் கேட்டதும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"போர்ட் பிளேர்லேருந்து வரவேண்டிய மரம் ஜஹாஜ் கேன்சல் ஆகி நின்னுபோச்சு மேடம். வாழை இல்லாம கல்யாணமா? ஜங்கிள்ல போய் எடுத்துட்டு வந்தோம்."

செல்வி ஒரு காயைக் கேட்டு வாங்கிக் கீறினாள். விதைகள் வெள்ளையாக, நசுங்கும் பதத்தில் இருந்தன. இவை முளைக்காது என்றாள் என்னிடம்.

"அடியில கன்னு நிக்குதாண்ணே?"

"இல்லம்மா. வாடிட்டா அபசகுனம்னு கிழங்கோட தோண்டிட்டோம். பந்தக்கால்ல கட்டுறப்ப இடிச்ச கிழங்கைச் சீவி, கன்னோட ஆட்டுக்குப் போட்டாச்சு."

அவர்மேல் கோபப்பட என்னால் முடியவில்லை. என் மதுரையில் நானும் பந்தலுக்கு வாழை வாங்கியவன்தான். அங்கே ஒன்று போனால் மறுநாள் சந்தையில் நூறு வந்து இறங்கும்.

ஆனாலும் ஓடைக்கரைவரை போய்ப் பார்த்தோம். குழியில் தண்ணீர் நின்றது. செல்வி கையை விட்டு நெடுநேரம் துழாவினாள். வேர்த்துண்டுகள்தான் வந்தன.

மறுநாள் முகூர்த்தத்துக்கு, கூப்பிட்ட மரியாதைக்காகப் போனோம். தாலி ஏறியதும் மணமக்களை முருகேசன் செல்வியிடமும் ஆசி வாங்க அழைத்து வந்தார். அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாசல் வாழையைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த பெரியவர் அவளுக்கும் சேர்த்துச் சொன்னார்:

"வாழையடி வாழையா தழைச்சு நில்லுங்க."

செல்வி அட்சதையைத் தூவினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.