ராசிபுரம் – சேலம் கோட்டை – இளம்பிள்ளை: வெட்டிவேர் அத்தரும் ஒரு முந்தானைக் கறையும்

அன்று தறிக்கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். என் மாமியார் நல்லம்மாள், வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். என் நாத்தனார் ராஜாமணி, அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள், விடிந்தால் பிறந்த வீட்டில் இருப்பாள். சேலையை வாங்கிப்போக வந்த ஏஜெண்ட் கந்தசாமி. நான், பாவாயி. ஐந்தாவது ஆள் என் வீட்டுக்காரர். அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் என் வயதுப் பெண்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவேன். ஆஸ்பத்திரியில் கேட்டால், "திருச்செங்கோட்டுச் சாமி பேருங்க" என்று மேற்கே கையைக் காட்டுவேன். அவர்களே எழுதிக்கொள்வார்கள்.

இது நடந்து முப்பத்து நான்கு வருஷம் ஆகிறது. இடம் இளம்பிள்ளை, எங்கள் பழைய வீடு. நான் நெய்து இறக்கிய மாம்பழ நிறப் பட்டுச்சேலையைக் கந்தசாமி விரித்துப் பார்த்தார். முந்தானையில் ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு எண்ணெய்க் கறை. அவர் வாயைத் திறப்பதற்குள் ராஜாமணி சொன்னாள்: "இது இவ அத்தருங்க. நாள் பூரா கருப்பு எண்ணெயப் பூசிக்கிட்டுத் தறியில உக்காந்தா வேற என்னாகும்?" கந்தசாமி சேலையை எடுக்கவில்லை. அடுத்த நாள் மாமியார் என்னைப் பட்டுத் தறியிலிருந்து இறக்கி, ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்ற உட்கார வைத்தார். அதன்பிறகு ராசிபுரத்துக்குக் குடி வந்தும் நான் பட்டுத் தறியில் உட்காரவில்லை. சொந்தக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் அத்தர்க்காரி.

நெசவு வீட்டில் கையில் எண்ணெய் படக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? அதனால்தான் அத்தரை மணிக்கட்டில் போட மாட்டேன். முழங்கை மடிப்பில் ஒரு தொடுதல், காதுக்குப் பின்னால் ஒரு தொடுதல், அவ்வளவுதான். இதை அன்றே சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

இப்போது பயணத்துக்கு வருகிறேன். போன மாசியில் ராஜாமணி போன் செய்தாள். அவள் பேத்திக்குக் கல்யாணம். கூறைச்சேலையைப் பெண்ணின் அப்பாவே வீட்டுத் தறியில் நெய்கிறார். "வர்றதுன்னா வா பாவாயி. ஆனா அந்தக் கருப்பு எண்ணெயப் போட்டுக்கிட்டு வராத. கூறைச்சேலை தட்டு உங்கிட்ட வந்தா தொடாம தள்ளி உட்டுரு" என்றாள். கல்யாண மண்டபத்தில் தாலியும் கூறைச்சேலையும் தட்டில் வைத்துப் பெரியவர்கள் எல்லோரிடமும் வரும். தொட்டுக் கும்பிட்டு ஆசீர்வாதம் பண்ணுவார்கள். முந்நூறு பேர் தொடுகிற சேலையை நான் மட்டும் தொடக் கூடாதாம். கல்யாணத்துக்கு முன்பே இதற்கு ஒரு முடிவு தெரிய வேண்டும் என்று நினைத்தேன். புது அத்தர் வாங்கிப் போட்டுக்கொண்டு, சேலையைத் தறியிலிருந்து அறுக்கும் நாளிலேயே நேரில் போவது என்று முடிவு செய்தேன். துணைக்கு என் மருமகள் சுமதி வந்தாள்.

மாசி அமாவாசைக்கு மறுநாள், வியாழக்கிழமை. ராசிபுரம் பேருந்து நிலையத்தில் காலை 7.50-க்கு வண்டி. சேலம் புதிய பேருந்து நிலையம் இருபத்தேழு கிலோமீட்டர். ஒருவருக்கு முப்பது ரூபாய் வாங்கினார்கள். 8.55-க்கு இறங்கினோம். அங்கிருந்து பழைய பேருந்து நிலையத்துக்கு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, கால் மணி நேரம் பிடிக்கும். அத்தர் கடைகள் பத்து மணிக்கு முன் திறப்பதில்லை. அதனால் அவசரப்பட்டுப் போகாதீர்கள். நாங்கள் போய் முக்கால் மணி நேரம் நின்றோம். இட்லி சாப்பிட்டோம், இரண்டு பேருக்கும் எழுபது ரூபாய், சட்னி புளித்திருந்தது. அந்தக் கடைக்கு இனி நான் போக மாட்டேன்.

கோட்டைப் பக்கம் பள்ளிவாசலுக்கு அடுத்த சந்தில் பத்தடி அகலத்தில் யூனுஸ் பாய் கடை. அவர் அப்பா காலத்திலிருந்து என் வீட்டுக்காரர் அங்கேதான் வாங்குவார். நான் அந்தப் படி ஏறியது அன்றுதான் முதல் தடவை.

பூ வாசனை கேட்பவர்களுக்கு முன்வரிசைக் கண்ணாடிக் குப்பிகள். நமக்கு வேண்டியது பின்வரிசை. வெட்டிவேர், அகில், சந்தனம், கோரைக்கிழங்கு, மண் அத்தர். மண் அத்தர் என்பது சுட்ட மண்ணை வடித்துச் சந்தன எண்ணெயில் இறக்குவது. காய்ந்த தரையில் முதல் தூறல் விழுந்த மாதிரி இருக்கும். ஆனால் முன்பு ஒரு தடவை போட்டபோது என் தோலில் ஒரு மணி நேரத்தில் ஓடிவிட்டது. கோரைக்கிழங்கு கொஞ்சம் புகை, கொஞ்சம் சேறு. சுமதி முகர்ந்துவிட்டு, "வயல் வரப்புல உழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்குதுங்க அத்தை" என்றாள். பாய் சிரித்தார். "அதுக்குத்தாம்மா காசு" என்றார்.

10.40-க்கு வெட்டிவேரை இடது முழங்கை மடிப்பிலும், அகிலை வலது மடிப்பிலும் கண்ணாடிக் குச்சியால் ஒரு கோடு இழுத்தார். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் மேல்வாசனை செத்துவிடும். வெட்டிவேர் எடுத்தவுடன் பச்சையாகக் கசக்கும், பயந்துவிடாதீர்கள். அகில் முதலில் மாட்டுத் தொழுவம் மாதிரிதான் இருக்கும், கால் மணி நேரம் பொறுத்தால் பழைய மரப்பெட்டியைத் திறந்த மாதிரி ஆகும். வெட்டிவேர் மூன்று மில்லி 250 ரூபாய், அகில் மூன்று மில்லி 600, இரண்டையும் வாங்கினேன். அகில் விலை கடைக்குக் கடை மாறும் என்று பாயே சொன்னார்.

நான் யார் என்று சொன்னதும் பாய் எழுந்து நின்றார். "இளம்பிள்ளைக்காரர் வீட்டம்மாவா நீங்க? மாசம் தவறாம வருவாரேம்மா. நான் அப்ப கல்லால உக்காந்து பாடம் படிப்பேன். ஒரு தடவை அவரு கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கு. பட்டுல இது பட்டா கறை எந்த நிறத்துல இருக்கும்னாரு. எங்க அத்தா ஒரு பட்டுத் துண்டுல சொட்டு விட்டுக் காட்டினாரு. அதையே ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் ஒண்ணும் பேசாம ரெண்டு குப்பி வாங்கிட்டுப் போயிட்டாரு."

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. என் மேல் விழுந்த பழியைத் துடைக்கத்தானே அந்த மனிதர் விசாரித்திருக்கிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் 11.30 வண்டியில் ஏறினேன்.

பழைய பேருந்து நிலையத்திலிருந்து இளம்பிள்ளை பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். டவுன் பஸ், எங்களுக்கு இலவசம். கஞ்சமலை தெரிய ஆரம்பித்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் பக்கம் திரும்பி, "ஏனுங்க, கோயிலுக்குப் போயிட்டு வாரீங்களா? சாமி அறை வாசமடிக்குது" என்றாள். கண்டக்டர் குறுக்கே வந்து, "சாமி அறை இல்லீங்க, மரக்கடை" என்றார். இரண்டும் சரிதான். ஒரு மணி நேரம் கழித்து அகில் அப்படித்தான் பிரியும். 12.35-க்கு இளம்பிள்ளையில் இறங்கினோம்.

ராஜாமணி இப்போது எங்கள் பழைய வீட்டில்தான் இருக்கிறாள். எழுபத்து நான்கு வயது, பார்வை நன்றாகத் தெரிகிறது, மூக்கு அதைவிட நன்றாக. எங்களை நடையிலேயே நிறுத்தினாள்.

"போட்டுக்கிட்டே வந்துட்டயா?"

"போட்டுக்கிட்டுத்தானுங்க நங்கையா வந்திருக்கறேன்."

"உன்ன என்ன சொன்னேன்?"

"முப்பத்து நாலு வருஷமா நீங்க சொன்னதக் கேட்டாச்சுங்க. இன்னைக்கு நாஞ் சொல்றதக் கேளுங்க. அந்தச் சேலைய எடுங்க."

வீட்டுக்காரரின் அக்காவை எங்கள் பக்கத்தில் நங்கையா என்போம், அதனால் முகத்துக்கு நேரே மரியாதை உண்டு. எழுத்தில் கிடையாது.

கந்தசாமி விட்டுப்போன அந்தச் சேலையை யாரும் கட்டவில்லை. ராஜாமணி சாட்சிக்கு வைத்திருப்பது போலப் பெட்டியில் வைத்திருந்தாள். அதை எடுத்துவரப் போன நேரத்தில் நாங்கள் தறிக்கூடத்துக்குப் போனோம். அவள் மருமகன் மாரிமுத்து, கல்யாணப் பெண்ணின் அப்பா, கூறைச்சேலையை அறுத்து இறக்கி மடித்துக்கொண்டிருந்தார். அரக்குச் சிவப்பு, குறை சொல்ல முடியாத வேலை. தறிக்கு மேலே, டிசைன் போடுகிற ஜக்கார்டு பெட்டிக்கு அடியில் ஒரு பழைய பனியன் துணி தொட்டில் மாதிரி கட்டியிருந்தது. நடுவில் கருப்பாக ஈரம்.

"இது எதுக்குங்க அண்ணா?" என்று சுமதி கேட்டாள். அவள் நெசவு வீட்டில் பிறந்தவள் இல்லை.

"நேத்து அமாவாசை, தறி ஓடாது. அன்னைக்குத்தான் பெட்டிக்கு எண்ணெய் போடுவோம். மறுநாள் பூரா சொட்டும். துணி கட்ட மறந்தா முந்தானை போச்சு" என்றார் மாரிமுத்து. பிறகு என்னைப் பார்த்து, "அத்தைக்குத் தெரியாததா?" என்றார்.

எனக்குத் தெரியும்தான். ஆனால் அந்தக் கறையையும் அந்தப் பெட்டியையும் நான் சேர்த்து நினைத்ததில்லை. பெட்டி என் வேலை இல்லை. எங்கள் வீட்டில் அதைத் தொடுகிற ஆள் ஒருவர்தான்.

ராஜாமணி சேலையோடு வந்தாள். பாயில் விரித்தோம். மாரிமுத்து வேறொரு சேலை அறுத்ததில் மிச்சமான மஞ்சள் பட்டுத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்தார். என் குப்பியிலிருந்து ஒரு சொட்டு வெட்டிவேர் விட்டேன். டிக்காஷன் மாதிரி பழுப்பாகப் பரவி, ஓரம் கட்டி நின்றது. அகிலும் பழுப்புதான், கொஞ்சம் கெட்டி. பழைய கறை அப்படி இல்லை. சாம்பல் நிறம், நடுவில் பொடிப்பொடியாகக் கருப்பு. மாரிமுத்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, தலைக்கு மேலே இருந்த பனியன் துணியைக் காட்டினார். இரண்டும் ஒன்று.

ராஜாமணி கறையை மூக்கருகில் வைத்து இழுத்துப் பார்த்தாள். மறுபடி ஒரு தடவை. "வாசமே இல்லியே" என்றாள். பனியன் துணியை நிமிர்ந்து பார்த்து, "அப்ப இது எந் தம்பி போட்ட எண்ணெய்" என்றாள்.

எனக்கு மறதி என்பது கிடையாது, அதுதான் என் கஷ்டம். சேலையை இறக்கியது ஆடி அமாவாசைக்கு மறுநாள். முதல் நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் கிணற்றடியில் கருப்புக் கையோடு வந்து நின்றார். எண்ணெய் போக அரப்புத் தூள் கொடுத்து, கைக்குத் தண்ணீர் ஊற்றியவள் நான். பெட்டிக்கு அடியில் கட்டுகிற வேட்டித்துண்டு மறுநாள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. துவைத்துப் போட்டவளும் நான்தான். அதைத் திரும்பக் கட்ட அவர் மறந்துவிட்டார். மறதி குற்றம் இல்லை. ஆனால் கந்தசாமி முந்தானையை விரித்தபோது என் வீட்டுக்காரர் நிமிர்ந்து மேலே ஒரு தடவை பார்த்தார், உடனே தலையைக் குனிந்துகொண்டார். எனக்காக வெட்கப்பட்டுக் கூரையைப் பார்க்கிறார் என்று முப்பத்து நான்கு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே கூரைக்கு முன்னால் பெட்டி இருந்தது.

அதுவரை வருஷத்துக்கு ஒரு குப்பி அத்தர் வாங்கி வருவார். அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒன்று, கேட்காமலே. பாய் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். கறையின் நிறத்தைக் கடையில் கண்ணால் பார்த்த பிறகும் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. குப்பியை அலமாரியில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். நான் அவருக்குச் சோறு போட்டிருக்கிறேன். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவர் நினைப்புக்காகவே, அவர் விட்டுப்போன குப்பிகளிலிருந்து இந்த அத்தரை விடாமல் போட்டுவந்தேன்.

ராஜாமணி எழுந்து போய்ப் பித்தளைத் தட்டு கொண்டுவந்தாள். புதுச் சேலையை அதில் வைத்து என் முன்னால் நீட்டினாள். மன்னிப்பு என்கிற வார்த்தை அவள் வாயில் வராது, நானும் எதிர்பார்க்கவில்லை.

"தொடு. மொதல்ல நீயே தொடு."

"முழங்கையில அத்தர் இருக்குதுங்க நங்கையா."

"கையில இல்லையில்ல? தொடுடி."

தொட்டேன். இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு, "நல்ல வாசந்தான், இத்தன நாளா கிட்ட வந்து மோந்து பாக்கல" என்றாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்தாள். கத்திரிக்காய்க் குழம்பு நன்றாக இருந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும்.

இளம்பிள்ளையில் 5.10-க்கு வண்டி ஏறி, சேலத்தில் மாறி, ராசிபுரம் வந்து சேர 7.40. அப்போதும் இடது முழங்கையில் வெட்டிவேர் இருந்தது, ஒன்பது மணி நேரம். கசப்பெல்லாம் போய் ஈர வேர் மட்டும். அகில் மறுநாள் குளித்த பிறகும் லேசாக இருந்தது.

இதே வழியில் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் கடை சாத்தியிருக்கும். ஒரே நாளில் இரண்டு அத்தருக்கு மேல் தோலில் போட்டுப் பார்க்காதீர்கள், மூக்கு குழம்பிவிடும். போட்டவுடன் வாங்காமல் ஒரு டீ குடித்துவிட்டு வந்து முகருங்கள். வெயில் காலத்துக்கு வெட்டிவேர், மார்கழிக்கு அகில். பட்டு கட்டினால் துணியில் போடாதீர்கள், தோலில் போட்டு, காய்ந்த பிறகு கட்டுங்கள். அப்படியே கறை பட்டாலும் அதன் நிறத்தைப் பாருங்கள், யார் சொல்வதையும் கேட்காதீர்கள்.

சுமதி பஸ்ஸில் கேட்டாள், இனிமேல் அத்தர் போடுவீர்களா என்று. போடுவேன். இந்த இரண்டு குப்பியும் நானே போய், நானே முகர்ந்து வாங்கியவை.

மாமியார் நல்லம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கந்தசாமி வியாபாரி, கறை பட்ட சேலையை அவர் ஏன் எடுக்க வேண்டும்? ராஜாமணி தெரியாமல் சொன்னாள், தெரிந்ததும் தட்டை நீட்டினாள். தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தவர் ஒருவர்தான். அவரை நான் மன்னிக்க மாட்டேன். இனி அவருக்காக மேற்கே கையைக் காட்டவும் மாட்டேன். அவர் பெயர் அர்த்தநாரி.