பொன்னையாவுக்குக் காய்ச்சல் வராத கதை

பொன்னையா யார் என்று கேட்டால், பூண்டுலோயா சோலைமலைக் கங்காணியின் மூன்றாவது மகள் வயிற்றுப் பேரன். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். அந்தக் குடும்பத்தில் ஆளுக்கொரு பெருமை உண்டு. இவனுடைய பெருமை, பதினோரு வருசமாக மாசி மாதக் காமன் கூத்தில் மன்மதன் வேஷம் கட்டுவது. தொப்பை விழுந்த மன்மதன்தான். ஆனாலும் அந்தக் கரும்பு வில்லை வேறொருத்தன் தொட விடமாட்டான்.

அந்த வில்லுக்குத்தான் ஓர் ஊசியால் ஆபத்து வந்தது.

டிக்கோயாப் பக்கம் ஆராய்ச்சிக்காரர்கள் வந்திருந்தார்கள். பல விதக் கிருமிகளை ஒரே ஊசியில் தடுக்கிற புது மருந்தாம். உடம்பு அதைத் தாங்குமா என்று முதலில் நாற்பது பெரியவர்களுக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது. பொன்னையாவும், அவன் மனைவி அம்மாக்கண்ணுவின் அண்ணன் ஜீவராஜும் விவரமெல்லாம் கேட்டுக் கையெழுத்து வைத்தார்கள்.

ஊசி போட்ட மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்கு ஜீவராஜ் போர்வையோடு வந்து நின்றான்.

"மச்சான், எனக்கு அனலாக் கொதிக்குது. அசல் மருந்துன்னா சும்மாவா? உங்களுக்கு எப்படி?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப உங்களுக்கு உப்புத் தண்ணிதான். கருவாடு கழுவுன தண்ணியா இருக்கும்."

களமே சிரித்தது. பொன்னையாவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாருக்கு உப்புத் தண்ணியோ அவன் இந்த மாசிக்கு ரதி வேஷம் கட்டணும். சேலையக் கட்டிக்கிட்டு, மன்மதன் எரிஞ்சதும் மாரடிச்சு அழணும். சம்மதமா?"

"சம்மதம். உங்க இடுப்புக்கு ஒரு சேலை பத்தாது மச்சான், தங்கச்சிய ரெண்டை ஒட்டித் தைக்கச் சொல்லுங்க."

பந்தயம் கட்டிவிட்டானே தவிர, அன்று முழுக்கப் பொன்னையா கவ்வாத்துக் கத்தியை விட்டுவிட்டு நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். ஏழு நாளும் காய்ச்சல், வலி, வீக்கம் பார்த்து எழுத ஒரு கொப்பியும் தெர்மாமீட்டரும் கொடுத்திருந்தார்கள். வரிசை வீடுகளான லயத்தின் நடுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஜீவராஜின் முனகல் ஓயவில்லை. இந்தப் பக்கம் பொன்னையாவுக்கு அட்டை கடித்த தடிப்புக்கூட இல்லை.

நாலாம் நாள் அம்மாக்கண்ணு கொதிக்கக் கொதிக்கப் பிளேன்டீ கொடுத்தாள். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கி நக்கிக் குடித்தவனுக்குத் திடீரென்று புத்தி ஓடியது. வாய்ச் சூடு ஆறுமுன் தெர்மாமீட்டரை நாக்கடியில் வைத்தான். முப்பத்தேழில் நிற்கிறது நாற்பத்தொன்றுக்கு ஏறியது! எழுதினான். காய்ச்சல் ஏறினால் உடனே சொல்ல வேண்டும் என்றிருந்ததால் ஆராய்ச்சிக்கார டொக்டருக்குப் போனும் போட்டான்.

அரை மணியில் வேன் வந்தது. யாழ்ப்பாணத்து டொக்டர் புனிதவதி ஓடிவந்து நாடி பார்க்கக் கையைப் பிடித்தார். விரல் ஒட்டிக்கொண்டது.

"என்ன, கை பிசுபிசுக்குது?"

"சீனிங்கம்மா."

"தேத்தண்ணி குடிச்சிட்டோ காய்ச்சல் பாத்தனீங்கள்?"

பொன்னையா தலையைச் சொறிந்தான்.

"ரெண்டு கோப்பைங்கம்மா," என்றாள் அம்மாக்கண்ணு.

"உங்கட நாப்பத்தொண்டால மற்ற ஆக்களுக்குப் போட இருந்த ஊசியெல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு வாறன்! மருந்தால ஆபத்திருக்கோ எண்டு பாக்கத்தானே உந்தக் கொப்பி? ஒண்டும் செய்யேல்லையெண்டா அப்பிடியே எழுதுங்கோ. அதுதான் எங்களுக்குச் சந்தோசம்."

பொன்னையா நாற்பத்தொன்றை வெட்டி, பக்கத்தில் 'பிளேன்டீ' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தான். மிச்ச நாளெல்லாம் 'ஒன்றுமில்லை'. ஒவ்வொரு 'ஒன்றுமில்லை'க்கும் மன்மதன் கிரீடம் தலையிலிருந்து ஒரு விரல் கழன்றது.

தை கடைசியில் இரண்டு பேரையும் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார்கள். அசல் மருந்து பொன்னையாவுக்கு. ஜீவராஜுக்கு உப்புத் தண்ணீர்.

"அப்ப எனக்கு வந்த காய்ச்சலுங்கம்மா?"

"ஏழு நாளும் முப்பத்தேழு எண்டுதானே எழுதியிருக்கிறியள்?"

"அது மேலுக்குங்கம்மா. அனலு உள்ளுக்குள்ள இருந்துச்சு."

மாசி வந்தது. மன்மதன் எரிந்தான். சேலை கட்டிய ஜீவராஜ் வாயைத் திறந்தான் பாருங்கள்! ஏழு நாள் முனகிப் பழகிய தொண்டை அல்லவா? மூன்று லயத்துப் பெண்களும் விக்கி விக்கி அழுதார்கள். எரிந்துபோனது தன் புருசன் என்பதையும் மறந்து, "பாவம் எங்க அண்ணே!" என்று அம்மாக்கண்ணு மூக்கைச் சிந்தினாள். மறுநாள் பெரட்டில், வருசா வருசம் ஜீவராஜ்தான் ரதி என்று ஒரே பேச்சு. மன்மதன் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பொன்னையா அன்றைக்கே டிக்கோயாவுக்கு பஸ் ஏறினான்.

"அடுத்த ஊசி எப்பங்கம்மா?" என்றான் டொக்டரிடம். "எனக்கு அந்த உப்புத் தண்ணியவே போட்டு விடுங்க."