ஆணி அடிக்க ஏறியவன்

மகள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த நேரம். மருமகன் துபாயில். பேரன் பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆடிக்காற்றும் அந்த வாரம்தான் உச்சத்தில் இருந்தது.

எங்கள் வீட்டின் முன்பகுதி கான்கிரீட். பின்பக்கம் உள்ள ஒரே ஒரு அறைக்கு மட்டும் மரச்சட்டத்தின் மேல் தகர ஷீட். குளியலறை ஒட்டியே இருக்கிறது என்று மகளும் குழந்தையும் அதில்தான் படுத்தார்கள். ஷீட்டைப் பிடித்திருந்த ஆணிகள் பல இடங்களில் தளர்ந்துவிட்டன. மேற்கேயிருந்து வயல்களைத் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பார்த்து ஓடும் காற்று, போகிற போக்கில் எங்கள் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. டம், டம் என்று சத்தம். பேரன் பதறி அழுவான்.

"ஒரு ஆளை விளிச்சுக் காட்டுங்க" என்றாள் மனைவி.

"நாலு ஆணி அடிக்கதுக்கு ஆளா?" என்றேன். அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்புகளில் கையெழுத்துப் போட்டவன் நான். சுத்தியலைப் பிடித்ததெல்லாம் காலண்டர் மாட்டுவதற்குத்தான். அதையும் மனைவி பிறகு நேராக்குவாள். ஆனாலும் பேரன் பிறந்ததிலிருந்து வீட்டில் எனக்கென்று ஒரு வேலையும் இல்லை. குளிப்பாட்டப் போனால் "தள்ளுங்க" என்றார்கள். தூக்கப் போனால் "தலையைப் பிடிங்க, தலையைப் பிடிங்க" என்று கத்தினார்கள். கூரையாவது என் பொறுப்பில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

வடசேரியில் ஒரு இரும்புக் கடைக்குப் போய் ஒரு புதுச் சுத்தியலும் ஆணியும் கேட்டேன். "தகரத்துக்கா, மரத்துக்கா?" என்றார் கடைக்காரர். தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. "ரெண்டுக்கும்தான்" என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, குடை மாதிரித் தலை விரிந்த ஆணிகளை அள்ளிப் பொட்டலம் கட்டித் தந்தார்.

மறுநாள் மனைவி மண்டைக்காட்டு அம்மன் கோயிலுக்குக் கிளம்பினாள், பேரனுக்காக நேர்ந்திருந்ததைச் செலுத்த. அவள் தலை மறைந்ததும் மூங்கில் ஏணியைச் சாத்தி மேலே ஏறினேன். குழந்தை விழித்திருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்பது என் திட்டம். பழைய ஆணியை அதே ஓட்டையில் அடித்தேன். ஆணி மரியாதையாக உள்ளே போனது. கையை எடுத்ததும் மரியாதையாக மேலே வந்தது. ஓட்டை பெரிதாகிவிட்டிருக்கிறது என்று புரிய எனக்கு ஆறேழு ஆணிகள் தேவைப்பட்டன. பிறகு புது ஆணிகளை வேறு இடம் பார்த்து அடிக்க ஆரம்பித்தேன். கட்டைவிரலிலும் ஒரு அடி விழுந்தது.

பாதி முடிந்திருக்கும். கீழே அறையிலிருந்து மகள் குரல். "அப்பா, போரும்பா. பிள்ளை இப்பந்தான் கண்ணசருதான்."

உடனே நிறுத்தினேன். இறங்கலாம் என்று காலை நீட்டினேன். ஏணி அகப்படவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினேன். அகப்பட்டது, தள்ளிவிட்டேன். ஏணி பக்கவாட்டில் சரிந்து, வெட்டிப் போட்டிருந்த தென்னை ஓலைக் குவியல் மேல் சத்தமே இல்லாமல் படுத்துக்கொண்டது.

உயரம் அதிகமில்லை. பள்ளிக்கூடப் பையனாக இருந்தால் குதித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். நான் விளிம்பில் உட்கார்ந்து என் முழங்கால்களோடு கலந்தாலோசித்தேன். இரண்டும் மறுத்துவிட்டன. கத்திக் கூப்பிடலாம், குழந்தை எழுந்துவிடும். மகளுக்குப் போன் செய்யலாம். அவள் போன் குழந்தையின் தலைமாட்டில்தான் கிடக்கும். அசைந்தால் தகரம் முனகியது. அதனால் அசையாமல் உட்கார்ந்தேன். காற்று வேட்டியை விரித்துப் பிடிக்கப் பார்த்தது. ஒரு கையால் வேட்டியையும் மறு கையால் சட்டத்தையும் பிடித்துக்கொண்டேன்.

எதிர்வீட்டு டீச்சர் துணி எடுக்க வெளியே வந்தார். ஓய்வுபெற்ற பிறகும் குரல் மட்டும் வகுப்பறையிலேயே இருப்பவர். "என்ன அண்ணாச்சி, மேல கேறி இருக்கிய?"

நான் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. உதவி கேட்க அதைவிட நல்ல நேரம் இல்லை. ஆனால் என் வாயிலிருந்து வந்ததோ, "சும்மா, காத்து வாங்குதேன்." அவர் தலையை ஆட்டிவிட்டுத் துணிகளோடு உள்ளே போய்விட்டார்.

கடைசியில் மனைவிக்குப் போன் செய்தேன். அவள் திரும்பி வரும் பேருந்தில் இருந்தாள்.

"ஏன் இப்பிடி குசுகுசுன்னு பேசுதிய? பிள்ளைக்கு என்ன?"

"பிள்ளை உறங்குதான். நான் மேல இருக்கேன்."

"எங்க மேல?"

"கூரை மேல. ஏணி விழுந்து போச்சு."

"கூரைக்கு மேலயா?" பேருந்துக்குள் யாரோ சிரிப்பது கேட்டது.

"மெதுவா பேசு."

"நீங்க அங்க இருக்கது தெருவுக்கே தெரியும். பஸ்ஸுல உள்ளவங்களுக்குத் தெரிஞ்சா என்ன?" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். "காத்து வாங்கி முடிஞ்சாச்சா அண்ணாச்சி? உங்க வீட்டுக்காரி போன்ல விளிச்சா." ஏணியைத் தூக்கிச் சாத்தினார். அது தகரத்தின் விளிம்பில் உரசிய உரசலில் எனக்கே பல் கூசியது. கண்ணை மூடிக்கொண்டு அழுகைக்காகக் காத்திருந்தேன்.

அழுகை வரவில்லை. மகள்தான் வெளியே வந்தாள்.

"பிள்ளை முழிச்சுட்டானா மக்கா?" என்று மேலிருந்து ரகசியமாகக் கேட்டேன்.

"அவன் எப்பவோ முழிச்சு, பாலும் குடிச்சுட்டு வெறிச்சுப் பாத்துட்டுக் கிடக்கான். வீடே சத்தமில்லாம இருந்துச்சு, நீங்க கடைக்குப் போயிட்டியன்னுல்லா நெனச்சேன். நீங்க யாருக்காக இப்பிடி பம்மி இருக்கிய?"

டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரும்பி நின்றார்.

இறங்கியிருக்கலாம். ஆனால் இவ்வளவு அவமானத்துக்குப் பிறகு பாதியில் விடுவது இன்னும் அவமானம். டீச்சர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, மீதி ஆணிகளையும் அடித்து முடித்தேன். அன்று மாலை காற்று வந்தது, மோதியது, கூரை வாய் திறக்கவில்லை. மனைவி அண்ணாந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றாள். எங்கள் வீட்டில் அது பெரிய விருது. ராத்திரி இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மழை பெய்தது. தகர ஷீட்டில் மேடும் பள்ளமுமாக வரி இருக்கிறதல்லவா, ஆணியை மேட்டில்தான் அடிக்க வேண்டுமாம். நான் தண்ணீர் ஓடுகிற பள்ளத்தில் அடித்திருந்தேன். அடித்த இடமெல்லாம் சொட்டியது. தொட்டிலை முன் அறைக்கு மாற்றினோம். மனைவி ஒன்றும் பேசாமல் அண்டா, வாளி, இட்லிச் சட்டி என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தாள். பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்நேரம் மருமகன் வீடியோ காலில் வந்தார். "மாமா தனியா கூரையைச் சரி பண்ணினாங்களாமே, காட்டு பாப்போம்" என்றார். மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனைத் திருப்பினாள். முதலில் அண்டாவைக் காட்டினாள்.