ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து

மூன்றாவது தடவையும் மணிகள் வெடித்துவிட்டன. கண்ணாடிக் குழாய்க்கு முன்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டாள் மணியக்கா. மருந்துத் தொழிற்சாலையில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பாசிக்கூழில் உயிருள்ள ஈஸ்டைக் கலந்து, கால்சியம் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு மிளகளவு மணிகளாக இறுக வைப்பதில் அவள் கைக்கு ஈடில்லை. அந்த மணிகளை நிரப்பிய குழாயின் மேலே ஊற்றும் கரைசலை மணிக்குள் இருக்கும் ஈஸ்ட் மாற்றும். கீழே சொட்டுவது இதய மாத்திரைக்கான மூலப்பொருள். மணிகள் முப்பது நாள் தாங்கினால் இந்தப் பிரிவு பிழைக்கும். சனியன், பன்னிரண்டாம் நாளே கூழாகிறது.

"சாயங்காலத்துக்குள்ள காரணம் சொல்லுங்க. இல்லேன்னா மூடிட்டு பழைய ஆசிட் முறைக்கே போயிடலாம்" என்றார் மேனேஜர்.

காரணமா? போன இரண்டு தடவையும் பளிச்சென்று சொன்னாளே, இரண்டாவது ஷிப்ட் ஆள்தான் என்று. கல்யாணமாகி ஆறு வருடமாகியும் இஸ்திரிச் சட்டையோடு வருவதால் அவனுக்கு மாப்பிள்ளை என்று பேர். சட்டை கசங்காதவனுக்கு வேலையில் என்ன அக்கறை இருக்கும்? அவளுடைய ஒரு வார்த்தையில் அவனைக் குடோனுக்குத் தூக்கிப் போட்டார்கள். இப்போது அவனும் இல்லை. பழி போட ஆளில்லை.

எரிச்சலோடு பதிவேட்டைப் புரட்டினாள். மூன்று தடவையும் வெடித்தது திங்கட்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமைகளில் அவளுடைய கையெழுத்து: 'சர்க்கரை இரண்டு பங்கு, ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து.' விடுமுறையில் பாவம், ஈஸ்ட் பட்டினி கிடக்குமே என்று போட்டது. இரண்டு ஞாயிறும் தின்று பெருகிய ஈஸ்ட் விட்ட வாயு போக வழியில்லாமல் மணியைப் பிளந்திருக்கிறது. பதிவேட்டை எடுத்துக்கொண்டு குடோனுக்கு நடந்தாள்.

குடோனில் மாப்பிள்ளை பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். சட்டை முழுக்கப் புழுதி.

"நான்தான்பா. சர்க்கரைய அதிகமாப் போட்டது நான்தான்."

"தெரியும்க்கா."

"தெரியுமா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? எங்கிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

அவன் பெட்டியைக் கீழே வைத்தான்.

"சொன்னேனேக்கா, ரெண்டு தடவ. 'நீ ரெண்டு வேளை தின்னுட்டுதானே வந்திருக்க, அதுங்க மட்டும் பட்டினி கெடக்கணுமா'ன்னு கேட்டீங்க. மேனேஜர் சார்கிட்டயும் சொன்னேன். மணியக்காவுக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போவுதுன்னாரு."

அவள் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"கைய கழுவிட்டு வா. சார்கிட்ட போகணும்" என்றாள்.