கறுப்புச் சன்னலில் வந்த பதில்

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், திண்டுக்கல்லில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒன்றில் டைப் செய்துகொண்டிருந்தேன். இருந்தது ஒரே கம்ப்யூட்டர், அதுவும் நோஞ்சான். தமிழ் கீபோர்டு, பக்கம் அமைப்பது, படம் வரைவது என்று மூன்று மென்பொருளும் ஒரே கிளிக்கில் திறக்கும்படி ஒரு சின்னக் கோப்பு எழுதி வைத்தேன். மூன்றும் ஒன்றாக முண்டியடித்ததில் கீபோர்டு பிந்திக்கொண்டது; ‘திருமணம்’ என்று அடித்தால் இங்கிலீஷ் குப்பையாகக் கொட்டியது.

நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டால் சரியாகிவிடும். ஆனால் ‘பொறு’ என்று சொல்ல அந்தக் கம்ப்யூட்டரில் நேரான வழி எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் அது தன்னையே கூப்பிட்டுத் தானே பதில் சொல்லும்படி செய்தேன். அதற்குள் கொஞ்ச நேரம் கழிந்துவிடும். அப்போது ஒரு கறுப்புச் சன்னல் திறந்து ‘ரிப்ளை, ரிப்ளை’ என்று வரிவரியாக ஓடும்.

முதலாளி அதைப் பார்த்துவிட்டார். பார்த்த நேரமும் சரியில்லை. நான் வரைந்த மயில் பார்டர், ரோட்டுக்கு எதிரே இருந்த அச்சகம் அடித்த கல்யாணப் பத்திரிகையில் அப்படியே வந்திருந்தது. கொடுத்தது யார் என்று மனுஷன் புழுங்கிக்கொண்டிருந்தார்.

“ரிப்ளைன்னு வருதே, யாருகிட்டருந்தும்மா?”

“இதே மெஷின்தாண்ணே. தனக்குத்தானே பேசிக்கிது.”

“தானாப் பேச அதுக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?”

அன்றிலிருந்து ஸ்டூலை என் முதுகுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். எதிர்க்கடைக்கே போய், நான்தான் டிசைனைக் கொடுத்தேன் என்று சண்டை போட்டுவிட்டு வந்தார். அவர்கள் இல்லை என்றதும் சந்தேகம் இன்னும் கூடியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்டர்நெட்டுக்கான டெலிபோன் வயரைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்துவிட்டுக் கோப்பைத் திறந்தேன். ரிப்ளை நிற்காமல் வந்தது. இப்போதாவது புரியும் என்று திரும்பிப் பார்த்தேன்.

“வயரு இல்லாமயே போகுதா? இம்புட்டு வேலை தெரிஞ்சிருக்கு உனக்கு. இந்த மாசத்தோட நின்னுக்கம்மா.”

திருடி என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இனி எந்த அச்சகத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சு எனக்கு முன்னால் போய் நிற்கும். பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

மாதம் முடிவதற்குள் நத்தத்திலிருந்து ஒரு பெண்வீட்டார் வந்தார்கள். எங்கள் பக்கத்தில் பத்திரிகை அடிக்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. சொந்தக்காரர்கள் கொடுத்த பத்திரிகைகளில் பிடித்த ஒன்றை மாதிரிக்குக் கொண்டுவருவார்கள். அந்தப் பெரியவர் மஞ்சப்பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். எதிர்க்கடையில் அடித்தது, அவர்களுடைய புதுத் தாமரை டிசைன்.

“பேரை மட்டும் மாத்தி இதே மாதிரி அடிச்சுக் குடுங்கப்பு.”

“தாராளமா. அச்சு அசலா வரும்” என்ற முதலாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதை என் மேசையில் வைத்து, “அப்படியே எறக்கும்மா” என்றார்.

வந்தவர்கள் முன்னாலேயே கேட்டேன்: “இத அவுக எந்த வயர்ல நமக்கு அனுப்புனாகண்ணே?”

சிரிப்பு நின்றது. பத்திரிகையை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவர்கள் போனதும் மெல்ல, “சரி, விடும்மா. நீ நிக்க வேணாம்” என்றார்.

“எதிர்க்கடையில என்னையத்தான சொன்னீக? அங்கயே போயி, நான் குடுக்கலைன்னு சொல்லிட்டு வாங்க. அப்பறம் அடிக்கிறேன்.”

பத்திரிகையை என் மேசையில் வைத்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டினார்.