இரண்டு பேர் அடித்த ஒரே பிழை

1. சக்கர நட்டு

பிரான்சின் தென்பகுதியில் ஒரு சிற்றூர். அங்கே டிராக்டர் பழுதுபார்க்கும் கூடம் ஒன்றிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு அழைப்பு வந்தது. பேசியவர் மெக்கானிக். பேச்சு பிரெஞ்சில், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"பின்சக்கர நட்டை எவ்வளவு முடுக்கணும்னு உங்க புத்தகம் சொல்லுதே, அதை யாராவது படிச்சுப் பாத்தீங்களா? அந்த அளவுக்கு என் பொண்ணு கையாலயே முடுக்கிடுவா."

நான் வேலை பார்த்த நிறுவனம் விவசாய இயந்திரங்களின் பழுதுபார்ப்புப் புத்தகங்களை மின்வடிவில் வெளியிடுகிறது. பழைய அச்சுப் பக்கங்களை XML ஆக மாற்றி மெக்கானிக்கின் டேப்லெட்டுக்கு அனுப்புவது எங்கள் பிரிவின் வேலை. XML என்பது ஒவ்வொரு தகவலின்மேலும் அது இன்னதென்று பெயர்ச்சீட்டு ஒட்டும் முறை. வெறுமனே 25 என்று எழுதாமல், இது முடுக்குவிசை, இதன் அலகு இது என்று சேர்த்து எழுதுகிறோம். அலகு போல ஒட்டிக்கொண்டு வரும் துணைத்தகவலுக்கு ஆட்ரிபியூட் என்று பெயர்.

பழைய பிரெஞ்சுப் புத்தகங்கள் முடுக்குவிசையை டெக்காநியூட்டன் மீட்டரில் கொடுத்தன. இப்போதைய புத்தகங்கள் நியூட்டன் மீட்டரில் கொடுக்கின்றன. முன்னது பின்னதைப் போல் பத்து மடங்கு. அச்சில் 25 டெக்காநியூட்டன் மீட்டர் என்று இருந்தது, எங்கள் திரையில் 25 நியூட்டன் மீட்டர் என்று வந்திருந்தது. எண் சரி, அலகு தவறு. எங்கள் ஊரான அபிஷேகப்பாக்கத்தில் என் அண்ணன் தன் டிராக்டரின் சக்கர நட்டை முடுக்கும்போது ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி அதன்மேல் ஏறி நின்று அழுத்துவார். அதில் பத்தில் ஒரு பங்கு இறுக்கத்தோடு கரும்பு டிரெய்லரை இழுத்தால் சக்கரம் தனியாக ஓடிவிடும்.

நல்லவேளையாக அந்த மெக்கானிக் புத்தகத்தை நம்பவில்லை.

2. பத்ரீஸின் கேள்வி

எங்கள் திட்டத் தலைவர் பெயர் பத்ரீஸ். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் யாரையும் விசாரிப்பார். மற்ற அட்டவணைகளையும் சரிபார்க்கச் சொன்னார். அதே பிழை பல இடங்களில் இருந்தது. எல்லாமே முந்தைய பக்கத்தில் தொடங்கிய அட்டவணையின் தொடர்ச்சிப் பக்கங்கள். அலகு முதல் பக்கத்தின் தலைப்பில் அச்சாகியிருந்தது. தொடர்ச்சிப் பக்கத்தில் வெறும் எண்கள்தான்.

தட்டச்சு வேலை வில்லியனூரில் நடந்தது. எங்களுக்காக அங்கே ஒரு சிறு நிறுவனம் இரட்டைக் கீயிங் செய்தது. ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள். இரண்டு கோப்புகளையும் மென்பொருள் ஒப்பிடும். வேறுபாடு இருந்தால் மூன்றாவது ஆள் மூலத்தைப் பார்த்துத் தீர்ப்பார். ஒரே இடத்தில் இரண்டு பேரும் ஒரே தவறைச் செய்வது அபூர்வம் என்பதுதான் இந்த முறையின் ஆதாரம்.

பத்ரீஸ் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பக்கத்துல அலகே இல்ல. ரெண்டு பேரும் கற்பனை பண்ணியிருக்காங்க. ரெண்டு பேருக்கும் ஒரே கற்பனை எப்படி வரும்?"

"ஒருத்தர் அடிச்சதை இன்னொருத்தர் காப்பி அடிச்சிருக்கலாம்."

"நானும் அதைத்தான் நினைக்கிறேன். நீ லீவுல ஊருக்குப் போறே இல்ல? அந்த இடம் உன் ஊருக்குப் பக்கம்தானே? சொல்லாம போய்ப் பாரு. காப்பின்னு நீ எழுதிக் கொடுத்தா ஒப்பந்தத்தை முடிச்சுடலாம்."

நான் எழுந்தபோது இன்னொன்றும் கேட்டார். "அங்கே உன் சொந்தக்காரங்க யாரும் வேலை செய்யலையே?"

இல்லை என்றேன். அவர் தலையாட்டிய விதத்தில் நம்பிக்கை தெரியவில்லை. எனக்கும் அந்த நிறுவனத்தின்மேல் நம்பிக்கை இல்லை. ஊர்க்காரன் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காகவே கூடுதலாகச் சந்தேகப்பட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

3. மாடியும் கீழும்

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அண்ணன் சிரித்தார். "லீவுல வந்தியா, துப்பறிய வந்தியாடா?"

மறுநாள் அவர் பைக்கை எடுத்துக்கொண்டு வில்லியனூர் போனேன். பைபாஸ் பக்கம் டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டு தளங்களில் அந்த நிறுவனம். மேனேஜர் தண்டபாணி என் அடையாள அட்டையைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. அதுவே எனக்கு உறுத்தியது.

"முதல் கீ மாடியில, ரெண்டாவது கீ கீழ சார். நெட்வொர்க் தனித்தனி. பென்டிரைவ் உள்ள வராது. வேணும்னா கேமரா பாருங்க."

"அந்தப் பக்கங்களை அடிச்சது யாரு?"

"மாடியில சுமதி, கீழ கலா. சுமதிக்குப் பூரணாங்குப்பம், கலாவுக்கு நெட்டப்பாக்கம். ரெண்டு பேரும் வேற வேற பஸ்ல வராங்க." குரலைத் தாழ்த்தினார். "நம்ம ஊர்க்காரரு நீங்க. வெளிப்படையா சொல்றேன். ரெண்டு பேரையும் நிறுத்திட்டேன்னு லெட்டர் போட்டுத் தந்துடறேன். உங்க ஆளு திருப்தி ஆயிடுவாரு இல்ல? கான்ட்ராக்ட் போனா மொத்தப் பேரும் வூட்டுக்குப் போவணும்."

நான் இன்னும் விசாரிக்கவே தொடங்கவில்லை. அதற்குள் தண்டனை தயாராக இருந்தது. எதையோ மறைக்கிறார் என்று நினைத்தேன்.

4. பொட்டலம்

மதிய உணவு நேரத்தில் படிக்கட்டருகே நின்றேன். இரண்டு பேரையும் தண்டபாணி முன்பே தூரத்திலிருந்து காட்டியிருந்தார். மாடியிலிருந்து சுமதி இறங்கி வந்தார். கீழிருந்து கலா வந்தார். இருவரும் சாப்பாட்டு அறைக்குப் போகாமல் கட்டடத்தின் பின்பக்கம் போனார்கள். சுமதி பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்துக் கலாவின் கையில் திணித்தார். கலா சுற்றிலும் பார்த்துவிட்டு அதைத் தன் பைக்குள் தள்ளி மேலே துப்பட்டாவைப் போட்டு மூடினார்.

தண்டபாணியின் கேமரா அந்தப் பக்கம் பார்க்காது. பென்டிரைவ் என்றே முடிவு செய்து கிட்டே போனேன்.

"அந்தப் பையைக் கொஞ்சம் திறந்து காட்டுங்க."

கலாவின் முகம் வெளுத்தது. "ஒண்ணும் இல்ல சார், சாப்பாடு."

"திறங்கம்மா."

சுமதிதான் பையைப் பிடுங்கித் திறந்தார். செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே வாசனை வந்துவிட்டது. கருவாடு.

"ஏசி ரூமுக்குள்ள நாத்தம் அடிக்குதுன்னு எடுத்தாரக் கூடாதுன்ட்டாரு மேனேஜரு" என்றார் சுமதி. "இவங்க வூட்டுல கேட்டாங்க. நான் கொண்டாந்து குடுப்பேன், இவ முருங்கக்கீர கொண்டாருவா. இதுக்கும் பிரான்ஸ்லேர்ந்து ஆள் அனுப்பிட்டாங்களா?"

கலா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஆனாலும் வந்த வேலை முடியவில்லை. அலகு பற்றி நேரடியாகவே கேட்டேன். பக்கத்தில் இல்லாததை எப்படி அடித்தீர்கள்?

சுமதி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இல்லாதத நாங்க இன்னாத்துக்கு சார் அடிக்கிறோம்? கண்ணுல படறத அடி, படாதத அடிக்காத. சேர்ந்த அன்னிக்கே சொல்லிக் குடுத்தது அதான். எங்களுக்குப் பக்கம் பக்கமா வெட்டித்தான் குடுக்கறாங்க. எனக்கு வந்த பக்கத்துல தலைப்பே இல்ல. அந்த இடத்த அப்பிடியே வுட்டுட்டேன்."

"நானும் வுட்டுட்டேன் சார்" என்றார் கலா.

"விட்டிருந்தா எங்ககிட்ட நியூட்டன் மீட்டர்னு எப்படி வந்தது?"

"அத நீங்கதான் சார் சொல்லணும். மேனேஜரு கிட்ட அன்னிக்கே கேட்டேன், யூனிட்டு இல்லாம வருதேன்னு. வேலிடேஷன் பாஸ் ஆவுது இல்ல, அப்புறம் இன்னாம்மான்னாரு."

5. நோட்பேட்

அவர் பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பிரான்சில் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் நியூட்டன் மீட்டர் என்று இருந்தது. தண்டபாணியிடம் போய், ஒப்பிடுவதற்கு முன்பிருந்த மூலக் கோப்புகளைக் கேட்டேன். இரண்டையும் கொடுத்தார். வழக்கமான XML எடிட்டர் அந்தக் கணினியில் இல்லை. எழுத்தை உள்ளபடியே காட்டும் நோட்பேடில் திறந்தேன்.

இரண்டு கோப்புகளிலும் எண் இருந்தது. அலகு என்ற ஆட்ரிபியூட்டே இல்லை.

இங்கே கொஞ்சம் தொழில்நுட்பம் சொல்லியாக வேண்டும். ஒரு XML கோப்பில் என்னென்ன வரலாம், எது கட்டாயம் என்று விதிக்கும் கோப்புக்கு DTD என்று பெயர். அந்த விதிப்படி கோப்பு இருக்கிறதா என்று சோதிப்பதுதான் வேலிடேஷன். அதில் ஓர் ஆட்ரிபியூட்டைக் கட்டாயம் என்று வைக்கலாம். இல்லையென்றால், யாரும் எழுதாமல் விட்டால் இதை எடுத்துக்கொள் என்று ஓர் இயல்பு மதிப்பைக் கொடுக்கலாம். இயல்பு மதிப்பு இருந்தால், கோப்பைப் படிக்கும் பார்சர் என்ற மென்பொருள் விடுபட்ட இடங்களில் அதைத் தானே நிரப்பிவிடும். பிழை என்று எதையும் காட்டாது. சில எடிட்டர்களும் அப்படி நிரப்பியே காட்டும்.

எங்கள் DTD புதிய புத்தகங்களுக்காக எழுதப்பட்டது. அவற்றில் எல்லாமே நியூட்டன் மீட்டர். அதையே இயல்பு மதிப்பாக வைத்திருந்தார்கள். பழைய புத்தகங்களின் வேலை தொடங்கியபோது பத்ரீஸின் குழு அதே DTDயை அப்படியே வில்லியனூருக்கு அனுப்பியது. இங்கிருந்து போன கோப்பில் அந்த இடம் காலி. எங்கள் சர்வர் அதை உள்ளே வாங்கும்போது பார்சர் நிரப்பியது. நிரப்பியதையே சேமித்தது. நான் பார்த்தது அந்தப் பிரதியை. இவர்கள் அடித்ததை அதுவரை நான் பார்க்கவே இல்லை.

6. "நீ அந்த ஊர்க்காரன்"

தண்டபாணியின் அறையிலிருந்து பத்ரீஸை வீடியோவில் அழைத்தேன். கேட்டுவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"உனக்கு அந்தக் கோப்புகளைக் கொடுத்தது யார்?"

"இங்கே மேனேஜர்."

"நீ வந்த பிறகு அலகை அழிச்சுட்டுக் கொடுத்திருக்கலாம். நீயும் அந்த ஊர்க்காரன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கொஞ்ச நேரம் முன்புவரை நானும் இதே தர்க்கத்தில்தான் இருந்தேன்.

"என்னை நம்பவேண்டாம். இங்கிருந்து வந்த கோப்பு நம்ம பேக்கப்புல வந்தபடியே இருக்கும். அதை எடுங்க. DTDயில அந்த இயல்பு மதிப்பை எடுத்துட்டு, கட்டாயம்னு மாத்துங்க. வேலிடேட் பண்ணுங்க."

கீபோர்டு சத்தம் கேட்டது. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். திரை அவர் கண்ணாடியில் சிவப்பாகத் தெரிந்தது. அலகு விடுபட்ட ஒவ்வொரு இடத்திலும் பிழைச் செய்தி. எல்லாமே தொடர்ச்சிப் பக்கங்கள்.

"சரி. இது நம்ம தப்பு" என்றார். உடனே, "ஆனா ஏன் யாரும் கேட்கலை?" என்றார்.

நான் தண்டபாணியைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"கேட்டிருக்காங்க. மேலே வரலை" என்றேன்.

அழைப்பு முடிந்தபின் தண்டபாணி சொன்னார்: "கேள்வி அனுப்பினா உங்க ஆளுங்க எங்களுக்கு வேல தெரியலன்னு எழுதறாங்க சார். அதான் நிறுத்தி வெச்சேன்." அதுவும் உண்மைதான். கேள்வி அதிகம் வந்த வாரங்களில் பத்ரீஸ் எழுதிய கடிதங்களை நானே பார்த்திருக்கிறேன்.

"நிறுத்தற லெட்டர் இன்னும் போடலையே?" என்றேன்.

"டைப் பண்ணி வெச்சிருந்தேன்." என் எதிரிலேயே அழித்தார்.

ஒப்பந்தம் நிலைத்தது. இரண்டு பேரின் வேலையும் நிலைத்தது. அன்றே பத்ரீஸ் பழைய பக்கங்களையெல்லாம் டேப்லெட்டுகளிலிருந்து எடுக்கச் சொன்னார். தட்டச்சு செய்பவர் எழுப்பும் கேள்வி மேனேஜரிடம் நிற்காமல் நேராக எங்களுக்கு வரவேண்டும் என்று நான் அறிக்கையில் எழுதினேன். தண்டபாணிக்கு அது பிடிக்கவில்லை.

கிளம்பும்போது சுமதி படிக்கட்டில் நின்றிருந்தார். செய்தி அவருக்குப் போயிருந்தது. நன்றி ஏதும் சொல்லவில்லை.

"எங்க பையைத் தொறந்து பாத்தீங்க. அவங்க பையை யாரு சார் தொறந்து பாக்கறது?"

பைக்கை எடுத்தேன்.

இளம் நண்பர்கள் இந்தத் தொழிலில் பாடம் கேட்டால் மூன்று சொல்வேன். ஆளுக்குத் தீங்கு வரக்கூடிய எந்தத் தகவலுக்கும் இயல்பு மதிப்பு வைக்காதீர்கள். கோப்பை எடிட்டரில் திறப்பதற்கு முன் வெறும் எழுத்தாகத் திறந்து பாருங்கள். சிவப்பே இல்லாமல் பாஸ் ஆகும் கோப்பை இன்னொரு முறை பாருங்கள்.

பிறகு நான் வேறு நாட்டில் வேறு நிறுவனத்துக்கு மாறினேன். எங்கிருந்தோ வந்த கோப்பில் பிழை என்று யாராவது என் மேசைக்கு வந்தால், அனுப்பியவர் யார் என்று கேட்பதற்கு முன் நாம் அவர்களுக்கு அனுப்பியதைக் கொண்டுவரச் சொல்கிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை. கலா துப்பட்டாவைப் போட்டு மூடியதுபோல அவர்களும் எதையோ மூடுகிறார்கள். திறந்தால் கருவாடாக இருக்கலாம். ஆனாலும் நம்முடைய பையைத்தான் முதலில் திறக்கச் சொல்கிறேன்.